‘ஆல்’ இல்லாத முன்னுரை

மொழியியல் துறைத்தலைவருக்கு மாணவர்கள் வைத்த பெயர் ‘படுத்தல்’. பழைய ஜெர்மானிய மொழிகளில் செயப்பாட்டு வினை எப்படி வளர்ந்தது என்பது அவருடைய ஆராய்ச்சி. ‘படு’ போடாமல் மனிதருக்கு வாக்கியமே முடியாது. வீட்டிலும் அதே கதைதான்.

“ஏங்க, கண்ணாடி டம்ளர் எங்க?” என்றார் மனைவி.

“உடைக்கப்பட்டது.”

“யாரால?”

“செஞ்சவங்களச் சொல்லணும்னு கட்டாயமில்ல. கோதிக் மொழியில பெரும்பாலும் சொல்லவே மாட்டாங்க.”

இந்த விஷயம் அவருக்குத் தெரிந்ததே மனைவி எண்ணிச் சொன்னதால்தான். அந்தப் பழைய மொழிகளில் ஒன்றான கோதிக்கில் நிகழ்காலச் செயப்பாட்டு வினை ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடும். இறந்தகாலத்துக்கு ‘ஆகு’, ‘இரு’ என்று துணைவினைகளின் தயவு வேண்டும். உறவு மொழிகளோ அந்த ஒற்றைச் சொல்லையும் ஏறக்குறையத் தொலைத்துவிட்டுத் துணைவினைகளை வைத்தே ஒப்பேற்றின. எங்கே ‘ஆகு’, எங்கே ‘இரு’ என்று பழைய கோதிக் வேதாகம மொழிபெயர்ப்பை வரிவரியாகப் படித்து, ஒன்பது வருடம் குறிப்பட்டைகளில் பிரித்து அடுக்கியவர் அந்த அம்மாள். அதற்காகவே அந்த மொழியையும் கற்றுக்கொண்டார். தலைவர் அந்த ஒன்பது வருடமும் கமிட்டிகளில் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

புத்தகத்தின் கடைசி ப்ரூஃப் வந்தது. திருத்துவதும் அம்மாள்தான். முன்னுரையில் தம்மைத் தேடினார். குறிப்பட்டைகள் தொகுக்கப்பட்டன. இடங்கள் எண்ணப்பட்டன. வேறுபாடு கண்டறியப்பட்டது. எல்லாம் மழை பெய்த மாதிரி தானாக நடந்திருந்தது.

“ஏங்க, இதுல நான் எங்க இருக்கேன்?”

“உணர்ச்சிவசப்படாத. ஆய்வு நடையில ஆள் வரக் கூடாது.”

“மேலட்டையில உங்க பேரு வந்திருக்கே, இவ்ளோ பெருசா?”

“அது பதிப்பகத்தால போடப்பட்டது.”

“ஓகோ, அங்க மட்டும் ‘ஆல்’ வருதாக்கும்!”

“ப்ரூஃப் இன்னிக்கே அனுப்பப்படணும்” என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போய்ப் படுத்தார். அந்த ஒரு ‘படு’வை மட்டும் தாமே செய்தார்.

அம்மாள் சிவப்புப் பேனாவை எடுத்தார்.

தம் புத்தகத்தைத் தாமே படிக்கும் கெட்ட பழக்கம் தலைவருக்குக் கிடையாது. வெளியீட்டு மேடையில்தான் முன்னுரையைப் பிரித்து, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, கம்பீரமாக ஆரம்பித்தார்:

“குறிப்பட்டைகள் என் மனைவியால் தொகுக்கப்பட்டன. இடங்கள் என் மனைவியால் எண்ணப்பட்டன. வேறுபாடு என் மனைவியால்…”

குரல் இறங்கியது. பின்வரிசையில் சிரிப்பு கிளம்பியது. ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் புத்தகத்தை மூடப் பார்த்தார். முன்வரிசையில் தம் பிரதியில் வரிக்கு வரி விரல் வைத்து வந்த துணைவேந்தர் விடவில்லை.

“இன்னும் ஒரு வரி இருக்கே சார், வாசிங்க.”

தலைவர் வாசித்தார்.

“கண்ணாடி டம்ளர் என்னால் உடைக்கப்பட்டது.”