ஆக்ரா போன நாள்

லண்டன் பிளேஸ்டோவில் இம்மாகுலேற்றின் வீட்டுக்கு அவளுடைய அம்மாவின் துக்கம் விசாரிக்க வந்தவர்கள் முதலில் அழுதார்கள், தேநீர் குடித்தார்கள், பிறகு மெல்ல, "டெல்லியில எடுத்த படங்கள் கழுவி வந்திட்டுதோ?" என்று கேட்டார்கள். செத்தவீட்டில் கேட்கிற கேள்வியா இது? ஆனாலும் அவள் எடுத்துக் கொடுத்தாள். ஹுமாயூன் சமாதியின் படிகளில் அவள் நிற்கிறாள். தாஜ்மகாலுக்கு முன்னால் வாயெல்லாம் பல்லாக நிற்கிறாள்.

"பாவம், உனக்கு என்ன தெரியும்," என்று அவர்கள் முதுகைத் தடவிவிட்டுப் போனார்கள்.

அது எண்பத்தொன்பதாம் ஆண்டு. யாழ்ப்பாணத்துக்குத் திரும்ப வழியில்லாத லண்டன் ஆட்கள், பெற்றவர்களைத் திருச்சிக்கு வரவழைத்துப் பார்த்த காலம். அவளுடைய அம்மாவும் படகேறி வந்து, தங்கை பெர்னடெற்றோடு திருச்சியில் காத்திருந்தார். டிக்கெட் டெல்லி வழியாகக் கிடைத்தது. "ரெண்டு நாள் நிண்டு எல்லாத்தையும் பார்த்திட்டுப் போவமே," என்று கேட்டவள் இம்மாகுலேற்தான். சரித்திரப் புத்தகத்தில் தாஜ்மகாலின் மங்கல் படத்தைக் கண்ட நாள் முதல் இருந்த ஆசை.

ஆக்ராவிலிருந்து டெல்லிக்குத் திரும்பிய இரவு, கணவர் மரியநாயகம் அம்மா போய்விட்டதாகச் சொன்னார். அவர்கள் ரயிலேறித் திருச்சி சேர்ந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. பெர்னடெற் முகம் கொடுத்துப் பேசவில்லை. திடீர்ச் சாவு, யாரால் என்ன செய்ய முடியும் என்ற ஒரே ஆறுதலைப் பிடித்துக்கொண்டுதான் இம்மாகுலேற் லண்டனுக்கு வந்து நடமாடினாள்.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து வீடு வெறிச்சோடியிருந்த நேரம், பெர்னடெற் திருச்சியிலிருந்து போன் எடுத்தாள்.

"அக்கா, அம்மாவுக்குக் கடும் வருத்தம், தப்புறது கஷ்டம், உடன பிளேன்ல வாங்கோ எண்டு ஹோட்டலுக்குப் போன் எடுத்து அத்தானிட்டைச் சொன்னனான். அடுத்த நாள் பொழுதுபடும் மட்டும் அம்மாவுக்கு உயிர் இருந்தது. கதவைப் பார்த்துப் பார்த்துக் கிடந்தவ. நீங்கள் ஏன் வரேல்லை?"

இம்மாகுலேற் ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு கணவரிடம் திரும்பினாள்.

"பெர்னா போன் எடுத்தது எப்ப? ஆக்ராவுக்குப் போக முதலோ?"

அவருடைய முகத்தில் ஈயாடவில்லை. "முதல் நாள் இரவு. அம்மா முடிஞ்சா எண்டுதான் நினைச்சன், இம்மா. எங்கட ஆக்கள் செத்ததை எப்ப நேர சொல்லியிருக்கினம்? முதல்ல வருத்தம் எண்டுதானே சொல்லுறவை. போனவ போயிட்டா, நீர் ஒரு நாளாவது சந்தோசமாப் பாரும் எண்டு விட்டன். அம்மா அண்டைக்கு உயிரோட இருந்தவ எண்டு திருச்சிக்குப் போன பிறகுதான் எனக்கே தெரியும்."

அவரைக் கிழித்துப் போட்டிருப்பாள். ஆனால் அவருடைய தகப்பனார் இறந்த செய்தி வந்தபோது அவள் செய்ததும் இதைத்தான். ஐயாவுக்குக் கொஞ்சம் சுகமில்லையாம் என்று சொல்லி, அவரைச் சாப்பிட வைத்து, படுத்தெழும்ப விட்டு, விடிந்த பிறகுதான் விஷயத்தைச் சொன்னாள். எவ்வளவு பக்குவமான பிள்ளை என்று எல்லோரும் புகழ்ந்தார்கள்.

கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? அம்மா கதவைப் பார்த்துக் கிடந்த பகல் முழுவதும் அவள் எவளோ ஒரு ராணியின் சமாதியைச் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறாள். அந்த ராணிக்காக அங்கே கண்கூடக் கலங்கினாள்.

"அக்கா, லைன்ல நிக்கிறீங்களோ?" என்று ரிசீவருக்குள் பெர்னடெற்றின் குரல் கேட்டது.

"சொல்லும்," என்றார் மரியநாயகம். "பிழை என்னிலை எண்டு சொல்லும்."

இம்மாகுலேற் கையை எடுத்தாள். "அத்தான் அண்டைக்கே சொன்னவர், பெர்னா. நான்தான் தாஜ்மகாலைப் பார்த்திட்டு வருவம் எண்டனான்."



"அம்மா கடைசியா உனக்கு ஒண்டு சொல்லச் சொன்னவ," என்றாள் பெர்னடெற். "நான் அதைச் சொல்லமாட்டன்."

போனை வைத்துவிட்டாள்.