கல்லூரி வாசலை மிதிக்காமல்

உதவிப் பொறியாளர் வேலைக்கான எழுத்துத் தேர்வில் பாஸாகி, சான்றிதழ் சரிபார்ப்புக்குத் தஞ்சாவூர் வந்திருந்தாள் குந்தவை. அரசாங்க வேலைக்கும் தனக்கும் நடுவே இனி ஒரு மேஜைதான் பாக்கி என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி நாகேஸ்வரன் அவளுடைய பி.டெக். சான்றிதழை ஒரு தரம் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தரம் பார்த்தார்.

“தபால்ல படிச்சீங்களாம்மா?”

“ஆமா சார். தொலைநிலைக் கல்வி. சிவில்.”

“இது செல்லாதும்மா.”

கிழிந்த பத்து ரூபாய் நோட்டைத் திருப்பிக் கொடுக்கிற பஸ் கண்டக்டர் மாதிரி, அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார்.

“பல்கலைக்கழகம் போலி இல்ல சார். நெட்ல வேணா பாருங்க.”

“போலின்னு நான் சொல்லலியே. இதே இடத்துல தபால்ல பி.ஏ. படிச்சிருந்தா கண்ணை மூடிக்கிட்டு எடுத்துக்குவேன். பொறியியல்னா தொழில்நுட்பக் கவுன்சில் ஒத்துக்கணும். தபால்ல இன்ஜினியர் ஆகுறத அவங்க ஒத்துக்கல. கோர்ட்டும் அப்படித்தான் சொல்லிடுச்சு. சரி, லேப் எங்க பண்ணினீங்க?”

லேப் என்பது ஒரு செல்போன் கடைக்கு மேலே இருந்த அறை. கான்கிரீட் கட்டியை நசுக்கிப் பார்க்கும் இயந்திரத்தின் படத்தை, படிப்பு மையம் நடத்தின பஞ்சநதம் சுவரில் காட்டுவார். குந்தவையும் கூடப் படித்தவர்களும் அதை ரெக்கார்டு நோட்டில் வரைந்துகொள்வார்கள். ஆக, அதிகாரி கேட்டதில் நியாயம் இருந்தது. அதுதான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த நியாயத்தை அவள் சேர்ந்த அன்றைக்கு ஒருத்தராவது சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா?

“நேர்ல போய்ப் படிச்ச சான்றிதழ் ஏதாவது இருந்தா அடுத்த வெள்ளிக்குள்ள கொண்டாங்க. இல்லேன்னா உங்க டிப்ளமோவ வச்சு மாலைக் கல்லூரியில சேர்ந்து படிங்கம்மா. அடுத்த தேர்வுக்கு ஆகும்” என்றார் நாகேஸ்வரன்.

அடுத்த தேர்வாம். அது எந்தக் காலத்திலோ! புருஷன் சதீஷ் கத்தாரில். பகலெல்லாம் நன்னிலத்தில் ஒரு கட்டட வரைபட அலுவலகத்தில் வேலை. ராத்திரி, பிள்ளையை மடியில் போட்டு ஆட்டிக்கொண்டே பாய்ம இயக்கவியல். தலையால் தண்ணீர் குடித்து நாலு வருஷம் படித்தவளிடம் மறுபடி படி என்று சொல்ல எப்படித்தான் வாய் வருகிறதோ.

பஸ் நிலையத்திலிருந்தே பஞ்சநதத்துக்குப் போன் போட்டாள். திட்டித் தீர்க்கத்தான் போட்டாள். அந்த மனிதர் அசரவில்லை.

“இதுக்குப் போயா கலங்குறீங்க? ரெகுலர்னு போட்டு வேற ஒண்ணு வாங்கிடுவோம். நாலு வருஷமும் அங்கயே ஹாஸ்டல்ல தங்கிப் படிச்சதா எல்லாம் வந்துரும். பல்கலைக்கழகமே கையெழுத்துப் போட்டுக் குடுக்கும், ஒரிஜினல்.”

“அந்த நாலு வருஷமும் நான் இங்கதானேங்க இருந்தேன்?”

“அத யாரு வந்து பார்க்கப் போறா? நாளைக்குள்ள ஒரு வார்த்தை சொல்லிடுங்க.”

மறுநாள் காலையில், ஊர் நெல் கொள்முதல் நிலையத்தில் அப்பாவைப் போய்ப் பார்த்தாள். துரைராசு குத்தகை நிலத்தில் அறுத்த சம்பா நெல்லைக் களத்தில் கொட்டிவிட்டு தன் முறை வரும்வரை காவல் காத்துக்கொண்டிருந்தார். வானம் மூடியிருந்தது. ஈரம் பட்ட நெல்லை உள்ளே எடுக்க மாட்டார்கள். அதனால் தார்ப்பாய், சாக்கு, பழைய பிளெக்ஸ் என்று அவரவர் கையில் கிடைத்ததைக் குவியல்மேல் இழுத்துக் கட்டியிருந்தார்கள்.

அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார். “வாங்கிக்க வேண்டியதுதானே? நீ என்ன படிக்காமலா பாஸான? நாலு வருஷம் கண்ணு முழிச்சதுதானே. காகிதத்த மட்டும் மாத்துறான்.”

இதைத்தான் அவளும் ராத்திரி முழுக்கத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள். “சரிப்பா” என்று போனை எடுத்தாள்.

அப்போதுதான் அப்பாவின் முகம் மாறியதைக் கவனித்தாள். அவர் தன் குவியலையே பார்த்துக்கொண்டிருந்தார். நெல்லுக்குமேல் ஆளுயரத்துக்குக் குந்தவை சிரித்தாள். அவள் பி.டெக். பாஸானபோது அவரே வாசகம் சொல்லி, பஸ் ஸ்டாப்பில் கட்டின பிளெக்ஸ் அது. ‘கல்லூரி வாசலை மிதிக்காமல், வீட்டிலிருந்தே படித்துப் பொறியாளரான எங்கள் ஊர்ப் பெண்ணுக்கு வாழ்த்துகள்!’ கல்லூரிக்குப் போய் யார்தான் படிக்க மாட்டார்கள், என் மகள் போகாமலே படித்தாளாக்கும் என்று அவருக்கு அத்தனை பெருமை. ‘மிதிக்காமல்’ என்பதைப் பெரிய எழுத்தில் போடச் சொல்லி அச்சுக்காரனிடம் ஒற்றைக்காலில் நின்றவர்.

“ஊரே படிச்சிருக்குமே” என்றார். சட்டென்று குனிந்து கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார். “கிழிச்சுப் போட்டுடறேன்.”

“அப்பா, தூறல் விழுது. வேற தார்ப்பாய் இருக்கா?”

“இல்ல.”

“நெல்லு நனைஞ்சிரும்ப்பா!”

“நனைஞ்சா நனையட்டும்.”

அவள் திகைத்துப் போனாள். ஒரு பிடி நெல் சிந்தினால்கூட உட்கார்ந்து பொறுக்குகிற மனிதர். ஒரு போகத்து உழைப்பை மழையில் விட்டுவிட்டு, தன் வாயால் சொன்ன பெருமையைத் தன் கையாலேயே கிழிக்க நிற்கிறார். அவள் படித்த நாலு வருஷத்தில் உண்மையாக நடந்ததெல்லாம் அந்தத் துணியில்தான் இருந்தது. செல்கிற சான்றிதழ் வேண்டுமென்றால் அதெல்லாம் நடக்கவே இல்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அவருக்கு அவமானம் வந்ததே, அதைப் பார்க்கத்தான் அவளால் முடியவில்லை.

ஓடிப்போய் மறுமுனையைப் பிடித்து இழுத்தாள். “விடுங்கப்பா! விடுங்கங்கிறேன்ல! எனக்கு அவன் காகிதம் வேணாம்.”

“வேலை போயிருமேம்மா.”

“போவுது.”

“அப்ப?”

“மாலைக் கல்லூரியில சேர்றேன்.”

“மறுபடி மொதல்லேருந்தா?”

“ஆமா, மொதல்லேருந்து. அதே பாடம், அதே பரீட்சை. என் தலையெழுத்து!”

கோபத்தில் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதுகொண்டே கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டாள். மழை வலுத்தது. துரைராசு அந்தப் பக்கத்து முனைக்குப் போய், காற்றில் பிளெக்ஸ் தூக்காதபடி செங்கற்களை எடுத்து வைத்தார்.