அரைச் சந்தாவும் அரைப்பேரும்

1956 ஜனவரி முதலாம் தேதி காலையில் பொகவந்தலாவை வாசிகசாலையிலிருந்த 'தாவர ஆராய்ச்சி' இதழ்கள் எழுபத்திரண்டும் வெள்ளைத் தாளாகிவிட்டன. அன்று கடைவீதியில் லீக்ஸ் காய்கறி மலிவு. காரணம் தேடி யாரும் அலையவில்லை. தன் புடவைக்கடை மாடியில் வாசிகசாலையை நடத்திவந்த மஃறூப் அந்த வருடச் சந்தாவைக் கட்டவில்லை. அதனால் எழுத்துகள் கிளம்பிப் போய்விட்டன, ஏற்கெனவே காசு கட்டிய பதினெட்டு வருடத்து எழுத்துகளும் சேர்ந்து. இதழை அனுப்பும் சென்னைக்காரர்கள் கறாரானவர்கள் என்று கடைவீதி பேசிக்கொண்டது.

மஃறூப்பைக் குறை சொல்வதற்கில்லை. அந்த இதழ் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும், அதன் விலை வருடத்துக்கு ஒருமுறை ஏறும். வாசிகசாலையின் வரும்படி மட்டும் ஏறவே இல்லை. தொடர்கதைப் பத்திரிகையை நிறுத்தினால் தேயிலைத் தோட்டமே திரண்டு சண்டைக்கு வரும். ஆராய்ச்சியை நிறுத்தினால் தூசி தட்டும் வேலை குறையும். இத்தனை காலம் அதை வாங்கியதே முதல் இதழின் ஓர் அடிக்குறிப்புக்காகத்தான்: 'இப்பன்னச் செடியைக் காட்டித் தந்தவர் பொகவந்தலாவைத் தோட்டத் தொழிலாளி ஆண்டியப்பன், 1938.'

பெப்ரவரியில் அதே ஆண்டியப்பனுக்குப் பிரஜாவுரிமை விசாரணைக் கடிதம் வந்தது. முப்பத்தொன்பதுக்கு முன்பே இலங்கையில் இருந்ததற்கு அத்தாட்சி வேண்டும். இல்லையென்றால் அவரும் மனைவி ராக்காயியும் இந்த நாட்டுக்காரர்கள் இல்லை. தோட்டத்துப் பழைய பேரேடுகளைக் கறையான் தின்றிருந்தது. மிச்சம் அந்த அடிக்குறிப்புதான். மஃறூப்புக்கு மனசு சுட்டது. உண்டியலைக் குலுக்கினார், உறவினரைக் கேட்டார், ஆறு மாதச் சந்தாதான் தேறியது. அனுப்பினார். மூன்றாம் வாரம் எழுத்துகள் திரும்பின, பாதி மட்டும். ஊரும் வருடமும் பத்திரமாக இருந்தன. பெயர் 'ஆண்டி' என்பதோடு நின்றது.

"ஆறு மாசச் சந்தாவுல என்னைய ஆண்டியாக்கிட்டீங்களே மொதலாளி" என்றார் ஆண்டியப்பன். மஃறூப்புக்குச் சிரிப்பு வரவில்லை.

மூவரும் ஹட்டனிலிருந்த பிரஜாவுரிமை அலுவலகத்துக்குப் போனார்கள். கந்தோரில் விசாரணை அதிகாரி இதழின் அந்தப் பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இதுல ஆண்டி இருக்கு. அப்பன் எங்க?"

ஆண்டியப்பனுக்கு இதில் புரியாதது ஒன்றுமில்லை. தோட்டத்தில் முழுநாள் வேலைக்கு ஒரு பேர் போடுவார்கள்; மத்தியானத்தோடு நின்றவனுக்கு அரைப்பேர். "இது அரைப்பேருங்க ஐயா. மிச்ச அரை நாளு வேலையச் செஞ்சுட்டா முழுப்பேரு விழுந்துரும்" என்றார். அதிகாரிக்கும் அது நியாயமாகப் பட்டது. கந்தோரைச் சுற்றி முழங்கால் உயரத்துக்குப் புல் மண்டிக் கிடந்தது. அவர் பக்கத்தை மேசையில் விரித்து, பேனாவை மூடிவைத்துக் காத்திருந்தார். ஆண்டியப்பன் காவல்காரரிடம் புல் செதுக்கும் சுரண்டி இரவல் வாங்கிக்கொண்டு இறங்கினார். ராக்காயிக்குச் சும்மா உட்கார்ந்து பழக்கமில்லை, கையாலேயே பிடுங்கினாள். ஒரு மணிக்கு 'ய' வந்தது. அதற்குப் பிறகு வெகுநேரம் ஒன்றும் வரவில்லை, மஃறூப் பெஞ்சில் உட்கார்ந்து துஆ ஓதிக்கொண்டிருந்தார். நாலரைக்குக் கடைசி 'ன்' வந்து விழுந்தபோது மஃறூப் எல்லார் முன்னாலும் அழுதுவிட்டார்.

அதிகாரி ஆண்டியப்பனின் பெயரை எழுதினார். மனைவி பெயர் என்ன என்று கேட்க வாயெடுத்தவர், பக்கத்தை இன்னொரு தரம் பார்த்தார். ஆண்டியப்பனுக்குப் பக்கத்தில், எந்த அச்சுக்கூடமும் ஒருநாளும் அச்சடிக்காத 'ராக்' என்ற எழுத்துகள் மை காயாமல் இருந்தன.

"அம்மா பேரு பாதிதான் வந்திருக்கு" என்றார். "நாளைக்குக் காலைல அரை நாள் வாங்க. பின்பக்கத்துப் புல்லு அப்படியே கெடக்கு."

மறுநாள் ஆண்டியப்பன் தோட்டத்து லய வீட்டில் சோறாக்க, ராக்காயி சொந்தச் சுரண்டியோடு முதல் பஸ்ஸில் வந்து இறங்கினாள். பன்னிரண்டு மணிக்கு அவள் பேர் முழுசாக விழுந்தது. அதிகாரி அதைப் பார்த்து, ஓர் எழுத்தும் பிசகாமல் எழுதிக்கொண்டார்.