ரோஸ் நிறத்தில் கொஞ்சம் பச்சை

மேட்டில் பாதி ஏறிய பிறகுதான் அவள் முள்ளைப் பார்த்தாள். என்றைக்கும் நடுவில் சோம்பிக் கிடக்கிற, கார் இன்ஜினின் சூடு காட்டும் முள், சிவப்புக் கோட்டைத் தொட்டுக்கொண்டு நின்றது. மேட்டின் உச்சி கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது. ஏறிவிட்டால் அப்புறம் ஆய்வகம் வரைக்கும் இறக்கம்தான். மனசு ஒரு நொடி சபலப்பட்டது. ஆனாலும் ஓரம் கட்டி, சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்துவிட்டாள். பானட் இடுக்கிலிருந்து ஆவி மெல்லக் கசிந்தது.

வீடு வீடாகப் போய் ரத்த மாதிரி எடுப்பது அவள் வேலை. பின்சீட்டில் இருந்த ஐஸ் பெட்டியில் அன்றைக்கு ஏழு குப்பிகள். அதில் ஒன்று, பிறந்து ஒன்பது நாளான குழந்தையுடையது. நூல் மாதிரி இருந்த நரம்பைத் தேடிப் பிடித்து எடுப்பதற்குள் அவளுக்கே வியர்த்துவிட்டது. பெற்றவள் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றிருந்தாள். அந்தக் குழந்தையை இன்னொரு தரம் குத்தத் தன் கை வராது என்று அவளுக்குத் தெரியும். காரைப் பூட்டினாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு, வந்த பஸ்ஸில் ஏறி, மடியில் வைத்து அணைத்தபடியே ஆய்வகத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தாள். அதற்கப்புறம்தான் காரைப் பற்றி யோசிக்க முடிந்தது. கட்டி இழுத்துப்போய்ப் பட்டறையில் விட்டார்கள்.

வீட்டில் மாமாவிடம், வண்டி சூடாகிவிட்டது, பட்டறையில் இருக்கிறது என்று மட்டும் சொன்னாள். மாமா என்றால் புருஷனின் அப்பா. முப்பத்திரண்டு வருஷம் பஸ் ஓட்டியவர். தன் பஸ் ஒரு நாள்கூட நடுரோட்டில் நின்றதில்லை என்பதை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். மற்றபடி வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும். புருஷன் வெளியூர் வேலைக்குப் போன பிறகு வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான். பேச்சு என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் தினமும் அவள் எழுந்திருப்பதற்குள் கார் கண்ணாடி துடைத்திருக்கும், டயர்களில் காற்றுப் பார்த்திருக்கும். அவரும் சொல்லிக்கொள்ள மாட்டார், அவளும் கேட்க மாட்டாள். மறுநாள் காலையில் ஜன்னல் வழியாகப் பார்த்தபோது, துடைக்கும் துணியைக் கையில் வைத்துக்கொண்டு, கார் இல்லாத இடத்தில் சும்மா நின்றிருந்தார்.

பட்டறைக்காரருக்கு வெள்ளைச்சட்டை என்று பெயர். கிரீஸுக்கு நடுவிலேயே வாழ்ந்தாலும் வெள்ளைச் சட்டைதான் போடுவார்; அதில் ஒரு பொட்டு அழுக்கு பார்த்தவர் கிடையாது. அது எப்படி என்று கேட்டால், அழுக்குக்கு என்னைக் கண்டால் பயம் என்பார். அன்றைக்கு அவர் சிரிக்கவில்லை. அவளை அருகில் கூப்பிட்டு, ரேடியேட்டரின் வாயைக் காட்டினார்.

உள்ளே தண்ணீர் இல்லை. பழுப்பும் கருஞ்சிவப்புமாக, கொழகொழவென்று ஏதோ ஒன்று கழுத்துவரை நின்றது. அவர் ஒரு கம்பியை விட்டு எடுத்தார். கம்பியோடு ஒட்டிக்கொண்டு எழும்பி, நடுங்கி, சொத்தென்று மறுபடி உள்ளே விழுந்தது. உறைந்த ரத்தத்தை அவள் தினமும் பார்க்கிறவள். ஊதா மூடிக் குப்பிக்கு ஒரு மருந்து, சிவப்பு மூடிக்கு வேறு. ஒன்றில் எடுத்ததை இன்னொன்றில் ஒரு சொட்டு விட்டாலும் கணக்கெல்லாம் கெட்டுவிடும் என்பது அவளுக்கு மனப்பாடம். ஆனால் ஒரு இரும்பு வண்டிக்குள்ளும் இப்படி உறையும் என்று கனவிலும் நினைத்ததில்லை. தீக்குச்சி நுழையாத சந்துகள் வழியாகத்தான் இன்ஜினின் சூட்டைத் தணிக்கிற கூலன்ட் திரவம் ஓடிவர வேண்டும் என்று வெள்ளைச்சட்டை சொன்னார். அந்தப் பக்கம் நெருப்பு, இந்தப் பக்கம் தண்ணீர், நடுவில் ஒரு தகடு. இத்தனை நாளும் அதற்குப் பின்னால் காலை நீட்டி உட்கார்ந்து பாட்டுக் கேட்டுக்கொண்டு போயிருக்கிறாள்.

"இதுல இருந்தது ரோஸ் கூலன்ட். யாரோ மேல பச்சைய ஊத்தியிருக்காங்க. ரெண்டும் ஒத்துக்கல, திரிஞ்சு போச்சு," என்றார் அவர்.

அப்படியானால் ஒரே நிறமாகப் பார்த்து ஊற்றினால் போதுமா என்று கேட்டாள். நிறத்தை நம்பவே கூடாது, ஒரே நிறத்தில் இரண்டு வகை வரும், உள்ளே என்ன சேர்த்திருக்கிறான் என்று டப்பாவில் படித்துப் பார்க்க வேண்டும் என்றார். பிறகு, இதை ஊற்றியது யார் என்று கேட்டார்.

அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. வீட்டில் துணி துவைக்கிற இடத்துக்கு மேலே பலகையில், பழைய சாமான்களோடு பாதி காலியான ஒரு டப்பா இருந்தது. மூடியோரம் பச்சைத் தாரை காய்ந்திருக்கும். அளவு குறைந்திருக்கிறதே, பிள்ளை வெயிலில் அலைகிறதே என்று மாமா ஒரு காலையில் ஊற்றி வைத்திருப்பார்.

"நான்தாண்ணே. தெரியாம ஊத்திட்டேன்," என்றாள்.

வெள்ளைச்சட்டை அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். படித்தவர்களே இப்படிச் செய்தால் எப்படி என்று ஆரம்பித்தவர், அவளுக்குப் பின்னால் பார்த்துச் சட்டென்று நிறுத்தினார். அவள் திரும்பினாள். வாசலில் மாமா நின்றிருந்தார். எந்த பஸ் பிடித்து வந்தாரோ, எப்போது வந்தாரோ. நேராக வந்து குனிந்து பார்த்தார். ஒரு விரலை உள்ளே விட்டு எடுத்து, அந்தக் கொழகொழப்பைக் கட்டைவிரலால் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தார்.

"அவ இல்லப்பா. நான்தான் ஊத்தினேன்," என்றார். விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டே, "பஸ்ஸுல வெறும் தண்ணிதான். இதெல்லாம் எனக்குத் தெரியல," என்றார்.

தெரியவில்லை என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்து அவள் கேட்டதில்லை. புருஷனே கேட்டிருக்க மாட்டார். அது அவரை ஒன்றும் செய்யவில்லை என்பதுதான் அவளை மலைக்க வைத்தது. நிமிர்ந்துதான் நின்றார். வெள்ளைச்சட்டை அவசரமாக ஸ்டூலைத் துடைத்துப் போட்டார், அவர் உட்காரவில்லை. இன்ஜின் போய்விட்டதா என்று கேட்டார். போகவில்லை, உடனே அணைத்ததால் பிழைத்தது, அந்த மேட்டை ஏறி முடித்திருந்தால் இன்ஜினின் மேல்மூடியே வளைந்து, பிரித்துப் போட வேண்டியதாகியிருக்கும் என்று பதில் வந்தது.

மாமா அவள் பக்கம் திரும்பினார். "எங்கம்மா நிறுத்தின?"

"பாதி மேட்டுல, மாமா."

அவர் அந்த மேட்டை மனதுக்குள் ஏறிப் பார்ப்பது தெரிந்தது. "நானா இருந்தா ஏத்தியிருப்பேன்," என்றார்.

அவ்வளவுதான். அவள் கீழே கிடந்த ரப்பர் குழாயை எடுத்து வெள்ளைச்சட்டையிடம் கொடுத்தாள்.

ரேடியேட்டரைக் கழற்றிக் கழுவினார்கள். இன்ஜினுக்குள்ளும் தண்ணீரைப் பீய்ச்சினார்கள். முதலில் கட்டி கட்டியாக வந்து விழுந்தது. பிறகு சேறு, பிறகு கலங்கல். மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாளி மாற்றினார். எத்தனை வாளி என்று யாரும் எண்ணவில்லை. சாயங்காலம் ஒருவழியாகக் கண்ணாடி மாதிரி தெளிந்து வந்தது. தெர்மோஸ்டாட்டைப் புதிதாக மாட்டி, கூலன்ட் ஊற்றுவதற்கு முன்னால் சோதிப்பதற்காக வெறும் தண்ணீரை நிரப்பி, மூடி போடாமலே இன்ஜினை ஓடவிட்டார் வெள்ளைச்சட்டை. சூடு ஏறினால்தான் தெர்மோஸ்டாட்டின் கதவு திறந்து தண்ணீர் ஓடும், அதுவரைக்கும் பொறுக்க வேண்டும் என்றார்.

மூன்று தலைகளும் அந்தச் சின்ன வாயைச் சுற்றிக் குனிந்தன. தண்ணீர் அசையாமல் நின்றது. இன்ஜினின் அதிர்வில் மேலே மெல்லிய வளையங்கள் மட்டும் தோன்றித் தோன்றி மறைந்தன. மாமாவின் மூச்சுச் சத்தம் அவள் காதருகில் கேட்டது. நேரம் போய்க்கொண்டே இருந்தது. அடைப்பு இன்னும் எங்கேயோ மிச்சம் இருக்கிறதோ என்று அவள் நிமிரப் போனாள்.

"இரும்மா," என்றார் மாமா.

தண்ணீர் ஒரு தரம் கீழே இறங்கியது. யாரோ உள்ளேயிருந்து இழுத்த மாதிரி. அப்புறம் ஒரு ஓரத்திலிருந்து சுழித்துக்கொண்டு கிளம்பி, இருட்டுக்குள் சரசரவென்று ஓட ஆரம்பித்தது.