மஞ்சள் பூசாத வரி

ஐஸ் ஹாக்கி அரங்கில் தரையின் ஐஸை எடுத்துவிட்டார்களே தவிர, குளிர் போனபாடில்லை. கனடாவின் சாஸ்கடூன் நகரத்துப் பொறியியல் மாணவர்கள் போட்டிக்காகக் கட்டிய இரும்புப் பாலம் நடுவில் நின்றது. பாரம் ஏற்றும் சோதனை ஒன்றுதான் பாக்கி. அதில் தேறினால் முதல் பரிசு. அணித்தலைவி டாரியா படிக்க வந்த நாளிலிருந்து ஏங்கிய பரிசு அது.

பக்கத்தில் மெக்சிகோ மாணவர்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி போட்டி விதிகளைச் சத்தமாக வாசிக்க, மற்றவர்கள் காது கொடுத்துக் கேட்டார்கள். காலையிலிருந்து இதே கூத்து.

"என்ன கேப்டன், அங்க ஜெபக் கூட்டமா?" என்றான் பாரம் ஏற்றப்போகிற கார்சன். "நானும் போய் ஆமென் சொல்லிட்டு வரவா?"

டாரியாவும் சிரித்தாள். இவர்கள் அணியில் எவன் விதிகளை முழுசாகப் படித்தான்? முக்கியமான வரிகளுக்கு மட்டும் சீனியர்கள் மஞ்சள் மை பூசிய விதிப் புத்தகம் வருடா வருடம் கைமாறும். மஞ்சளைப் படித்தால் போதும். பரீட்சைப் பாடங்களையும் அப்படித்தான் படித்தார்கள், பாஸும் ஆனார்கள். அப்புறம் மற்ற வரிகளை யார் சீண்டுவார்கள்?

வாசித்துக்கொண்டிருந்த மரிபெல் எழுந்து வந்து பாலத்தை உற்றுப் பார்த்தாள்.

"போல்ட் முனை ஒண்ணுகூட நட்டுக்கு வெளியே தெரியலையே. வெட்டிட்டீங்களா?"

"எடை குறையட்டும்னு வெட்டினோம். என் ஐடியாதான்," என்றாள் டாரியா பெருமையாக.

"ஒன்பதாம் பக்கம் படிச்சியா?"

"படிச்சேனே."

"முழுசாவா?"

விசில் ஒலித்தது. கார்சன் மண்டியிட்டு இரும்புக் கட்டிகளை அடுக்கத் தொடங்கினான். போட்டிக்கு வந்தவள், வயிற்றில் புளியைக் கரைக்கப் பார்க்கிறாள் என்று டாரியா நினைத்தாள். ஆனாலும் கை தானாகப் புத்தகத்தைப் புரட்டியது. ஒன்பதாம் பக்கத்தில் மேலே ஒரு மஞ்சள் வரி. அதற்குக் கீழே, யாரும் சீண்டாத வெள்ளையில்: போல்ட் முனை நட்டைத் தாண்டி வெளியே நீட்டியிருக்க வேண்டும், இல்லையேல் பாரத்தில் நட்டு கழன்றுவிடும்.

அடக் கடவுளே! சொன்னால் பரிசு போச்சு. நடுவர்கள் இன்னும் கவனிக்கவில்லை. தாங்கிவிடும், தாங்கிவிடும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். வெட்கமில்லாமல்தான் சொல்லிக்கொண்டாள்.

பாலம் க்ரீச்சென்றது. கட்டியைச் சரிசெய்யக் கார்சன் போல்ட் போட்ட இணைப்புக்குக் கீழே கையை விட்டான்.

"டேய், கையை எடு! நிறுத்து!" என்று அலறினாள் டாரியா.

"பைத்தியமா உனக்கு? இன்னும் கொஞ்சந்தான் இருக்கு!"

"போல்ட்டை வெட்டினது விதிப்படி தப்பு. எடுடா கையை!"

நடுவர் சிவப்புக் கொடியைத் தூக்கினார். "கெடுத்துட்டியே, பாவி!" என்று கத்திக்கொண்டே கார்சன் கையை உருவினான். உருவிய மறுகணம் நட்டு ஒன்று தெறித்தது. இணைப்பு விட்டுப்போய், அடுக்கிய கட்டிகள் அத்தனையும் அவன் கை இருந்த இடத்தில் மடமடவென்று சரிந்தன.

கார்சன் தன் விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்தான்.

"அந்தப் புத்தகத்துல," என்றான் கடைசியில், "வேற என்னெல்லாம் எழுதியிருக்கு?"

"தெரியாதுடா," என்றாள் டாரியா. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "மஞ்சளைத் தவிர நான் எதையுமே படிச்சதில்ல."