புரையேறும் படம்

செத்துப்போனவளுக்குப் புரையேறும் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? ஆனால் கல்லல் ரயில்வே ரோட்டில், மோட்டாருக்குச் செப்புக்கம்பிக் காயில் கட்டும் சேவுகப்பெருமாளின் வீட்டில் அது அன்றாடம் நடந்தது. கூடத்துச் சுவரில் அவனுடைய முதல் மனைவி விசாலி படமாகத் தொங்கினாள். நான்கு வருடத்துக்கு முன் மஞ்சள் காமாலையில் போனவள். சுமங்கலியாகப் போன மகராசி என்பதால் வெள்ளிக்கிழமை தவறாமல் படத்துக்குக் குங்குமம் வைக்க வேண்டும். வைக்க வேண்டியவள், இரண்டாவதாக வந்த தேவிகா.

கல்யாணமாகி மூன்றாம் நாள் காலையில்தான் தேவிகா அதை முதலில் கேட்டாள். சோற்றுப் பருக்கை தொண்டையில் சிக்கினால் வருமே, அதே இருமல். படத்தின் கண்ணாடியில் உள்பக்கமாக ஆவி படிந்தது. பயத்தில் இவள் கரண்டியைக் கீழே போட்டாள். சேவுகப்பெருமாளோ முகமெல்லாம் தெளிந்து எழுந்து போனான். புரையேறிய பிள்ளையின் உச்சந்தலையில் தட்டுவதுபோல் சட்டத்தின் மேல்விளிம்பில் இரண்டு விரலால் தட்டி, "யாரோ நினைக்கிறாக" என்று சொல்லிவிட்டு, வந்து மிச்ச இட்லியைச் சாப்பிட்டான்.

யாரோவாம்! யாரென்று இவருக்குத் தெரியாதாக்கும். தேவிகாவுக்கு வயிறு எரிந்தது.

அன்றிலிருந்து அவளுக்கு அதே வேலையாகப் போயிற்று. யூனியன் ஆபீஸில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பாள், மனசு மட்டும் வீட்டுக் கூடத்தில் நிற்கும். இந்நேரம் இருமியிருக்குமா? வீட்டுக்கு வந்தால் விசாலியின் மிளகாய்த்தூள் டப்பா, விசாலி நெளித்து வைத்த கரண்டி, விசாலி அடித்த ஆணி. இந்த மனுசன் ரசத்தை உறிஞ்சிவிட்டு ஒரு நொடி சும்மா இருந்தால் போதும், அவள் வைத்த ரசம் இதைவிட நன்றாக இருந்திருக்குமோ என்று இவள் யோசிக்கத் தொடங்குவாள். உடனே சுவரிலிருந்து இருமல் வரும். பார்த்தாயா, நினைத்துவிட்டார் என்று பல்லைக் கடித்துக்கொள்வாள்.

அதைவிடப் பெரிய வேதனை இன்னொன்று. வந்து ஏழு மாதமாகியும் தேவிகாவுக்கு ஒரு தடவைகூடப் புரையேறவில்லை. மீனை முள்ளோடு அவசர அவசரமாக விழுங்கிப் பார்த்தாள், பேசிக்கொண்டே தண்ணீர் குடித்தும் பார்த்தாள். ஒன்றுக்கும் தொண்டை அசையவில்லை. உயிரோடு பக்கத்தில் இருப்பவளை நினைக்க இந்த உலகத்தில் ஒரு ஆள் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சாப்பிட்டுவிட்டு சேவுகப்பெருமாள் அடித்துப் போட்டாற்போல் குறட்டை விட்டுத் தூங்கினான். கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த தேவிகாவின் காதில் இருமல் விழுந்தது. ஒன்று, இரண்டு, விடாமல். அவளுக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. உள்ளே போய் அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"தூக்கத்துலயும் அவகதான் வாராகளா?"

"எவுக?"

"அந்தா இருமுறாகளே, அவகதான். நெனச்சுக்கிட்டே கெடக்கணும்னா என்னைய எதுக்குக் கட்டுனீக?"

அவன் எழுந்து உட்கார்ந்தான். படம் இன்னும் இருமிக்கொண்டிருந்தது. அவன் அதையே வெறித்துப் பார்த்தான்.

"நா நெனைக்கல தேவிகா. நெனைக்கத்தான் பாக்குறேன், வரமாட்டேங்குறா. கண்ண மூடுனா இந்தப் படம்தான் வருது, அவ மொகம் வரல. நீ வாரதுக்கு முந்தி ஒரு வருசமா இது சத்தமே போடல. மறுபடி இருமவும், எனக்குள்ள எங்கிட்டோ அவ இருக்கான்னு சந்தோசப்பட்டேன். உன்னைய நெனச்சா அந்த மிச்சமும் போயிருமோன்னு பயந்து, மனச இழுத்துப் பிடிச்சுக்கிட்டு இருக்கேன்."

"அப்ப யாருதான் நெனைக்கிறது?"

கேட்ட வாய் மூடுவதற்குள் அவளுக்கே விளங்கிவிட்டது. கொடியில் துணி எடுக்கும்போது அவள் என்ன நினைத்துக்கொண்டிருந்தாள்? விசாலி அடித்த ஆணியெல்லாம் ஏன் இவ்வளவு தணிவாக இருக்கிறது என்றுதானே?

மெதுவாகக் கேட்டாள்: "அக்கா குள்ளமோ? ஆணியெல்லாம் என் நெஞ்சளவுலதான் இருக்கு."

படம் இருமியது.

"ஆமா" என்றான் சேவுகப்பெருமாள். "பஸ்ல மேல்கம்பி எட்டாது. காரைக்குடி போற வரைக்கும் என் சட்டையத்தான் பிடிச்சுக்கிட்டு வருவா. கசங்குதுன்னு வைவேன். மறந்தே போனேனே." சொல்லிவிட்டு, நான்கு வருடமாக அழாததையெல்லாம் சேர்த்து அழுதான். இப்போது படம் இருமிய இருமலில் ஆணியே ஆடியது. தேவிகா ஓடிப்போய்ச் சட்டத்தின் தலையில் தட்டிக்கொடுத்தாள். யாரோ என்று சொல்ல இனி வழியில்லை.

பொறாமை தீர்ந்துவிட்டது என்று சொன்னால் பொய். அந்தச் சட்டைக் கதை அவளுக்குச் சுருக்கென்று தைக்கத்தான் செய்தது. ஆனாலும் சாயங்காலம்வரை அவன் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ராத்திரிச் சாப்பாட்டில் மீன்கூட இல்லை, வெறும் மோர்ச்சோறுதான். இரண்டாவது கவளத்தில் தேவிகாவுக்குப் புரையேறியது. கண்ணில் நீர் முட்ட இருமினாள். எதிரே இருந்தவன் இடதுகையை நீட்டி அவள் உச்சந்தலையில் தட்டினான்.

"நாந்தான்" என்றான்.

தண்ணீர்ச் செம்பு கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. தேவிகா அதை எடுக்கவில்லை. இன்னும் கொஞ்சம் இருமிக்கொள்கிறேன் என்று விட்டுவிட்டாள்.