மிஸ் பார்த்தால்தான் வரும்

அக்காவின் விறைத்த விரல்களில் ஜெபமாலையைச் சுற்றிக்கொண்டிருந்த கேத்தரின் நிமிர்ந்து பார்த்தாள். வாசலில் ஒன்பதாம் வகுப்பே சீருடையோடு வந்து நின்றது. பாதிப் பேர் அழுதுகொண்டிருந்தார்கள்.

"உன் ஸ்டூடன்ட்ஸா கேத்தி?" என்றார் அக்கா புருஷன் ஆம்ப்ரோஸ்.

"ரெண்டு பேருக்கும்தான் மாமா."

ஆனால் ஒரு பிள்ளைகூட அவள் பக்கம் திரும்பவில்லை.

சகோதரிகள் இருவருக்கும் பிரேசர் டவுனில் ஒரே பள்ளி. அக்கா பிரிஸில்லா ஆங்கிலம், கேத்தரின் வரலாறு. பிரிஸில்லா வகுப்புக்கென்று வலைப்பூ தொடங்கியபோது, "பிள்ளைங்களுக்கு ஸ்பெல்லிங்கே வராதுங்க, இதுல ப்ளாக் வேறயா?" என்று தலைமை ஆசிரியையிடம் கேத்தரின் சொல்லிப் பார்த்தாள். எடுபடவில்லை. ஒருத்தி எழுதினாள், கீழே இன்னொருத்தி பதில் போட்டாள், தன்னையும் நாலு பேர் படிக்கவேண்டுமென்று மூன்றாமவள் எழுதத் தொடங்கினாள். பெற்றோர் கூட்டத்தில் அப்பாக்கள் மகள் எழுதியதைக் காட்டச் செல்போனை நீட்டியபடி பிரிஸில்லாவைச் சூழ்ந்துகொண்டார்கள். கேத்தரின் சிவப்பு மையில் திருத்திய நோட்டுகளை வருஷக் கடைசியில் பழைய பேப்பர்காரன்தான் ஆசையாக வாங்கிப்போனான்.

சங்கமித்ரா தயங்கித் தயங்கி அருகே வந்தாள். திக்குவாய்ப் பெண். கேத்தரினின் வகுப்பில் வாயே திறந்ததில்லை.

"மி... மிஸ். நேத்து ப்ளாக்ல ஒண்ணு போட்டேன். பிரிஸில்லா மிஸ் பாத்து ஓகே பண்ணாதான் வரும். அவங்க... ப... படிச்சாங்களா?"

உறவுக்காரர்களுக்குச் சொல்வதற்காக மாமா கொடுத்த அக்காவின் போன் கேத்தரினின் கையில்தான் இருந்தது.

"இப்ப கேக்கற கேள்வியா இது?"

பெண் பின்வாங்கிக் கூட்டத்தில் மறைந்தாள்.

சமையலறைக்குப் போய்க் கேத்தரின் போனைத் திறந்தாள். அந்தப் பதிவு யாரும் திறக்காமல் காத்திருந்தது. 'தொம்மலூரில் எங்கள் மாடிக்கு எதிரே கண்ணாடி ஆபீஸ். உள்ளேயிருந்து பார்ப்பார்கள் என்று வார நாளில் அம்மா மாடிக்கு வரமாட்டாள். ஞாயிற்றுக்கிழமை அந்தக் கண்ணாடியைப் பார்த்துத்தான் தலை வாருவாள்.'

எழுத்துப் பிழை தேடினாள். இரண்டு கிடைத்தன. மறுபடி படித்தபோது அவை கண்ணில் படவில்லை.

இதையெல்லாம் அக்கா ஒருத்தியே வாங்கிவைத்துக்கொண்டாள். கூடத்தில் பெட்டிக்குள் கிடப்பவள்மேல் பொறாமைப்படலாமா? ஆனாலும் நெஞ்சு எரிந்தது. வெளியிடும் பொத்தானைத் தொடாமல் போனை மூடினாள்.

பெட்டியை வண்டியில் ஏற்றினார்கள். பெட்டிக்குப் பக்கத்து சீட்டில் கேத்தரின் மட்டும் உட்கார்ந்தாள்.

"ஹோகோணவா மேடம்?" என்று, கிளம்பலாமா எனக் கேட்டான் டிரைவர்.

"ஒன் நிமிஷா" என்று கன்னடத்திலேயே அவனை நிறுத்திவிட்டு வெளியே எட்டிப் பார்த்தாள். "சங்கமித்ரா, ஏறு."

பெண் பயந்துகொண்டே ஏறி ஓரமாக உட்கார்ந்தாள்.

"அவங்க படிக்கலம்மா. நான் படிச்சேன். போட்டுடட்டுமா?"

அவள் தலையாட்டினாள். கேத்தரின் பொத்தானை அழுத்தினாள்.

"தலை வாரும்போது நீ பாக்கறது உங்கம்மாவுக்குத் தெரியுமா?"

சங்கமித்ரா வாயைத் திறந்தாள். முதல் எழுத்திலேயே சொல் நின்றுவிட்டது. வண்டி கிளம்பி கோல்ஸ் பார்க் முனை திரும்பும்வரை கேத்தரின் குறுக்கே எதுவும் பேசாமல் அவள் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.